பெரிய பகா எண்களில் சறுக்கும் இடங்கள்

தண்டையார்பேட்டையில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் பகா எண்ணின் வரையறையைத் தடுமாறாமல் சொல்கிறார்கள். எண் பெரிதாகும்போதுதான் சிக்கல். நாலைந்து முறை பொருந்திய ஒன்று எப்போதும் பொருந்தும் என்று நம்பிவிடுவதே தவறுகளில் முதன்மையானது.

31, 331, 3331, 33331 எல்லாம் பகா எண்கள். 33333331 வரைக்கும் இது தவறாமல் நடக்கிறது. இன்னொரு 3 சேர்த்தால் 333333331. அது 17 × 19607843.

2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் எண்களிலும் இதே மயக்கம் உண்டு. அடுக்கு 2, 3, 5, 7 என்றால் 3, 7, 31, 127 என்று பகா எண்களே வருகின்றன. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்று முடிவுகட்டினால் 11 கவிழ்த்துவிடும்: 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருப்பது அவசியம், ஆனால் போதுமானதல்ல. பகா எண்ணைத் தரும் அடுக்குகள் இவை என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 67-உம் இடம்பெற்றிருந்தது. 1876-இல் கணிதவியலர் லூக்காஸ் அதை மறுத்தார். அவர் காரணிகளைக் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் அவசியம் கவனிக்க வேண்டும். காரணி தெரியாமலேயே ஓர் எண் பகா எண் அல்ல என்று நிரூபிக்க முடியும்! 193707721 × 761838257287 என்ற காரணிகளை 1903-இல்தான் கோல் என்ற கணிதவியலர் அளித்தார்.

ஃபெர்மா சோதனையையும் கண்மூடி நம்பக் கூடாது. n பகா எண்ணா என்று அறிய, n-ஆல் வகுபடாத ஓர் எண்ணை அடிமானமாக எடுத்து, அதன் (n − 1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே அது. 2-இன் 340-ஆம் அடுக்கை 341-ஆல் வகுத்தால் மீதி 1. பகா எண்ணுக்குரிய அடையாளம்தான்; ஆனாலும் 341 = 11 × 31. அடிமானத்தை 3 ஆக்கினால் குட்டு வெளிப்படும். 561-க்கோ, அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை வைத்தாலும் மீதி 1-தான் வரும்.

இதெல்லாம் அறியாதவர்கள் செய்யும் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன், 1913-இல் ஆங்கிலேயக் கணிதவியலர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிக நெருக்கமாகத் தரும் சூத்திரம் கண்டதாகக் கூறினார். கணக்கிட்டுப் பார்த்த அளவில் அது வியக்கும்படி பொருந்தியது. ஆனால் அவர் கருதிய துல்லியம் எல்லா எண்களுக்கும் நிலைக்கவில்லை. இராயபுரத்தில் உள்ள இராமானுஜன் அருங்காட்சியகத்துக்குப் போகும் மாணவர்களிடம் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நிரூபணம் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் ஊரில் இல்லை.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை 'மிகப் பெரிய பகா எண்' என்று எழுதாதீர்கள். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ காட்டிவிட்டார். 'அறியப்பட்டவற்றுள் பெரியது' என்பதே சரி.

கடைசியாக, கணினியில் போடும் கணக்கு. எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள்கள் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் காப்பதில்லை. 21 இலக்க எண்ணைக் கொடுத்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யங்களாகிவிடும். அதை வைத்து வகுபடுகிறதா என்று பார்ப்பது வீண். பைத்தான் என்ற நிரல் மொழியில் முழு எண்கள் சிதைவதில்லை. அதில் செய்து பாருங்கள்.