கூகுள் போட்டோஸில் ஆல்பம் போட்டுப் படங்களைப் பகிர்வது எப்படி?

ஒரு விசேஷம் முடிந்ததும் எடுத்த படங்களையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கொட்டிவிடுவதுதான் பலருக்கும் பழக்கம். பார்ப்பவர்களின் போனும் நிரம்பும், படத்தின் தரமும் குறையும், ஏனென்றால் சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஒரே ஆல்பமாகப் போட்டுப் பகிர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் படங்களைப் பொறுக்கி எடுங்கள். ஆப்பைத் திறந்து ஒரு படத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் அப்படியே கீழே இழுத்தால் வரிசையாக எல்லாவற்றிலும் டிக் விழும், அப்புறம் ஒரே காட்சி நாலைந்து தடவை இருக்கிற இடங்களில் நன்றாக வந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றில் டிக்கை எடுத்துவிடுங்கள். இதில் சோம்பல்படாதீர்கள். முந்நூறு படம் இருந்தால் யாரும் முழுசாகப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து, கூட்டல் குறியைத் தொட்டுப் புது ஆல்பம் உருவாக்கிப் பெயர் வையுங்கள். பெயரோடு வருஷத்தையும் சேர்த்தால் பின்னால் தேட வசதி.

சரி, இப்போது பகிர்வது. இங்கேதான் நிதானம் வேண்டும். ஆட்களின் கணக்கைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் காட்டலாம், இல்லையென்றால் லிங்க் எடுத்து அனுப்பலாம். லிங்க் சுலபம்தான், ஆனால் அது கையில் கிடைத்த யாரும், கூகுள் கணக்கே இல்லாவிட்டாலும், படங்களைப் பார்க்கலாம். ஒருவர் அதை வேறொரு குழுவுக்குத் தட்டிவிட்டால் யார் யார் பார்த்தார்கள் என்றே நமக்குத் தெரியாது. குழந்தைகள் இருக்கிற படங்களுக்கு நான் லிங்க் போடவே மாட்டேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த தேதி நேரத்தோடு எடுத்த இடத்தையும் போன் அந்தப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். எக்ஸிஃப் தகவல் என்பது இதைத்தான். வீட்டில் எடுத்த படம் என்றால் உங்கள் வீடு இருக்கும் இடமே அதில் இருக்கிறது. ஆல்பத்தின் மூன்று புள்ளி மெனுவில் விருப்பங்களுக்குப் போய், இருப்பிடத்தைப் பகிரும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தரம் குறையக் கூடாதென்று வாட்ஸ்அப்பில் படத்தை 'ஆவணம்' ஆக அனுப்புகிறவர்களும் இதைக் கவனியுங்கள், அப்படி அனுப்பினால் இட விவரமும் கூடவே போகும்.

மற்றவர்களும் தங்கள் படங்களைச் சேர்க்கலாமா என்பதையும் அதே விருப்பங்களில் முடிவு செய்யலாம். படங்களைச் சேமிக்க கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபிதான், அதுவும் ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

ஒரு படம் ஆல்பத்தில் வேண்டாமென்றால் 'ஆல்பத்திலிருந்து அகற்று' என்பதைத் தொடுங்கள். குப்பைத்தொட்டிக் குறியைத் தொட்டால் உங்கள் தொகுப்பிலிருந்தே போய்விடும். எல்லோரும் பார்த்து முடித்ததும் லிங்க்கை அணைத்துவிடுங்கள், ஆனாலும் அதற்குள் தங்கள் போனில் சேமித்துக்கொண்டவர்களிடம் படங்கள் இருக்கும்.