சீழ் வடியும் காதோடு தலைசுற்றலும் சேர்ந்துகொண்டால்

காதில் சீழ் வடிவது ஆண்டுக்கணக்கில் பழகிப்போன ஒருவருக்குத் திடீரென்று தலை சுற்றத் தொடங்கினால், பித்தம் என்றும் இரத்த அழுத்தம் என்றும் காரணம் தேடுவதற்கு முன்னால் அந்தக் காதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நடுக்காதை அடுத்து, எலும்புச் சுவருக்கு அப்பால் உள்ள உட்காதில், உடலின் சமநிலையைக் காக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. கொலஸ்டியாடோமா எனப்படும் தோல் திரட்சி நடுக்காதில் வளர்ந்தால் அது எலும்பை மெல்ல மெல்ல அரிக்கும். மூன்றில் கிடைமட்டமான குழாயே நடுக்காதுக்கு நெருக்கமாக இருப்பதால், பெரும்பாலும் அதில்தான் துளை விழுகிறது. அப்படித் துளை விழுந்தவர் முகம் துடைக்கும்போது காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறிய குருத்தெலும்பைத் தற்செயலாக அழுத்தினாலோ, மூக்கைப் பலமாகச் சிந்தினாலோ, அறையே சுழல்வதுபோல் உணரக்கூடும்; அந்த நேரத்தில் அவருடைய கருவிழிகள் பக்கவாட்டில் வெட்டி வெட்டி அசைவதை எதிரில் இருப்பவர் காணலாம். மருத்துவர் இதையே சோதனையாகச் செய்வார். நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள்.

சுற்றல் வந்ததும் உடனே உட்கார்ந்தோ படுத்தோ தலையை அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அடங்கியபின், எவ்வளவு நேரம் நீடித்தது, எதைச் செய்தபோது வந்தது, காது மந்தமானதா, இரைச்சல் கேட்டதா என்பதைக் குறித்து வையுங்கள். கண் அசைவை யாரேனும் கைப்பேசியில் பதிவுசெய்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும். ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, முகம் ஒரு பக்கம் கோணுதல், நிற்காத வாந்தி, திடீர்ச் செவிட்டுத்தன்மை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், தொற்று உட்காதுக்கோ மூளைக்கோ பரவியிருக்கலாம் என்பதால், அப்போதே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

காதுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள்; குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சால் காதை அடைத்துக்கொள்ளுங்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகள் உட்காதையே பாதிக்கக்கூடும் என்பதால், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மருந்தை எடுத்து விடக் கூடாது. மருத்துவர் தந்த சொட்டு மருந்தும் குளிர்ச்சியாக இருந்தால் சிறிது நேரம் தலை சுற்றும். புட்டியை உள்ளங்கையில் சில நிமிடம் வைத்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தபின் விடுங்கள்.

மருத்துவர் நுண்ணோக்கியில் காதைச் சுத்தம்செய்து பார்த்து, கேட்டல் சோதனையும் தேவையானால் சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்வார். கொலஸ்டியாடோமா இருந்தால் சொட்டு மருந்தால் தீராது, அறுவை சிகிச்சைதான் வழி. தலைசுற்றல் மாத்திரைகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்வது, மூளை தன்னைச் சரிசெய்துகொள்வதைத் தாமதப்படுத்தும்.

பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. சீழ் உட்காதை முற்றிலும் அழித்துவிட்டாலும், மறுபக்கக் காதைக் கொண்டு மூளை ஈடுசெய்துகொள்வதால், சில வாரங்களில் சுற்றல் தானாகவே குறைந்துவிடும். ஆகவே சுற்றல் நின்றுவிட்டது என்பதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாமல், அந்தக் காதின் கேட்கும் திறன் மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.