அறுபதுக்குப் பிறகும் அதே வகுப்பு: பட்டியல் வைத்திருப்பவளின் யோசனைகள்

எங்கள் வகுப்பில் பட்டியல் வைத்திருப்பவள் நான். பணி ஓய்வு பெற்ற கையோடு ஒரு நீள நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். "வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது நோட்டு எதற்கு?" என்று கேட்காதவர்கள் இல்லை. யார் யார் இருக்கிறார்கள் என்று குரூப் காட்டும். யார் இல்லை என்று காட்டாது. பழைய வகுப்பைத் திரட்ட நினைக்கிறவர்கள் முதலில் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். குரூப் எல்லாம் அப்புறம்.

அகர வரிசை வேண்டாம், வருகைப் பதிவேட்டில் இருந்த எண் வரிசையில் எழுதுங்கள். "36க்கும் 38க்கும் நடுவில் யார்?" என்று கேட்டால் பெயர் தானாக வந்து விழும். திருமணமாகிப் பெயர் மாறிய தோழிகளைப் பழைய பெயரில் இணையத்தில் தேடிப் பயனில்லை. விடுதியில் அவர்களோடு ஒரே அறையில் இருந்தவர்களைக் கேட்டால் சட்டென்று துப்புக் கிடைக்கும்.

ஒவ்வொருவரின் எண்ணோடு வீட்டில் உள்ள இன்னொருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வயதில் ஒருவர் திடீரென்று போன் எடுக்காமல் போனால் விசாரிக்க அது ஒன்றுதான் வழி. பக்கத்தில் சின்னக் குறிப்புகள் இருக்கட்டும்: 'இடது காது கேட்காது', 'இரவில் வண்டி ஓட்ட மாட்டார்', 'காலை 10 மணிக்கு முன் கூப்பிடாதே'. வாட்ஸ்அப்பே இல்லாதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் செய்தி சொல்ல ஓர் ஆளை நியமித்து, அந்தப் பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முழுப் பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும் இருந்தால் போதும். காப்பீடு விற்கிற வகுப்புத் தோழர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், குறிப்பாக அவர் கேட்டால்.

சரி, குரூப்புக்கு வருவோம். ஒரே குரூப்பாக வைத்தால் காலை வணக்கப் பூக்கள், அரசியல், 'இந்த இலையைத் தின்றால் சர்க்கரை நோய் ஓடிவிடும்' எல்லாம் சேர்ந்து முக்கியமான செய்தியை மூழ்கடித்துவிடும். இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் அட்மின்கள் மட்டும் எழுதும்படி செட்டிங்கை மாற்றி, உடல்நலச் செய்தி, சந்திப்புத் தேதி இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றது அரட்டைக்கு. அரட்டையில் இருவர் முட்டிக்கொண்டால் எல்லோர் முன்னாலும் கண்டிக்க வேண்டாம். அட்மின் தனியாகப் போன் போட்டு, "ஏண்டா, விடுதியில் ஒரே வாளிக்கு அடித்துக்கொண்டபோதுகூட மறுநாள் பேசிவிட்டீர்களே" என்றால் பாதி இறங்கிவிடும். கோபித்துக்கொண்டு வெளியேறியவரை உடனே திரும்பச் சேர்க்காதீர்கள். அவராகக் கேட்கட்டும்.

எந்தக் குரூப்பிலும் வாயே திறக்காதவர்கள் ஏராளம். அவர்களைப் பேசவைக்கப் பழைய புகைப்படத்தை விஞ்சிய உபாயம் எனக்குத் தெரியாது, அதுவும் முழுப் படம் கூடாது. வகுப்புப் படத்தின் பின்வரிசையில் 3 முகங்களை மட்டும் வெட்டியெடுத்து, "நடுவில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது யார்?" என்று போட்டேன். எதற்குமே பதில் எழுதாத ஒருவர் உடனே எழுதினார்: "நான்தான். மூடவில்லை, வெயில்." அவர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை யாருடையது என்று விசாரணை தொடங்கி ராத்திரி வரை ஓடியது. (இரவல் சட்டை. உடையவர் இன்னும் மறக்கவில்லை.) பெயர்கள் உறுதியானதும் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிவிடுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறோம்.

பழைய கதையே திரும்பத் திரும்ப வருகிறதே என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியலில் பலமுறை கண்டிருக்கிறார்கள். ஆகவே வரட்டும். ஆனால் பேச்சு அங்கேயே நின்றால் நட்பும் அங்கேயே நின்றுவிடும். "இப்போது எப்படிப் பொழுது போகிறது?" என்று யாராவது கேட்டால்தான் கதை நகரும்.

அந்தக் கேள்வியைக் குரூப்பில் கேட்க முடியாது, தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். என் கட்சி இதுதான்: ஆயிரம் குறுஞ்செய்தியைவிட ஒரு போன் மேல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கி 268 மாணவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. பிறகு வேறு பிரிவினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். 50 வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80 வயதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள் என்கிறார் அதன் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர். அந்த 268 பேரும் ஆண்கள். பெண்களைக் கேட்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்க இத்தனை வருடம் ஆகியிருக்காது.

எப்படிக் கூப்பிடுவது? சீட்டுக் குலுக்கி இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒரு மாதத்துக்கு அந்த இருவரும் ஜோடி, அடுத்த மாதம் வேறு ஜோடி. பேசும் நேரத்தை முன்பே குறித்துவிட வேண்டும். 'சும்மா இருக்கும்போது கூப்பிடு' என்றால் கூப்பிடவே மாட்டார்கள். இதை உட்கார்ந்து செய்யாமல் நடந்துகொண்டே செய்யுங்கள். அவரவர் இடத்தில் அவரவர் நடக்க, காதில் மற்றவர் குரல். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. 5 நாள் அரை மணி நேரம் நடந்தால் 150 வந்துவிடும். வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் மூச்சு வாங்கி வாக்கியத்தை முடிக்கத் திணறினால், "மெதுவா போ" என்று சொல்ல ஆள் இருக்கிறது. என் ஜோடி ஒருத்தி ஒருமுறை சினிமாப் பாட்டு முழுவதையும் பாடிக் காட்டினாள். "நீ நடக்கவே இல்லை, நாற்காலியில் இருக்கிறாய்" என்றேன். சிரிப்புச் சத்தம்தான் பதில்.

ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டுங்கள், இன்னொரு காது வண்டிச் சத்தத்துக்கு. போக்குவரத்து உள்ள சாலையானால் போனே வேண்டாம். இதயக் கோளாறோ மூட்டுத் தேய்மானமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நடைக்கு மேல் வாரத்தில் 3 நாளாவது தடுமாறாமல் நிற்கவும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. கீழே விழாமல் இருப்பதற்காக. அதற்கு வீடியோ அழைப்பு நல்லது: சுவரோடு ஒட்டி வைத்த நாற்காலியிலிருந்து எல்லோரும் சேர்ந்து எழுந்து உட்காருவது. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் தானே அறுந்துவிடும். அதைக் குறை என்கிறார்கள், நான் வரம் என்பேன். பேச்சாளர்கள் நிறைந்த வகுப்பு எங்களுடையது.

பணம் பற்றி ஒன்று. 'அவசரம், உடனே அனுப்பு' என்று நண்பரின் எண்ணிலிருந்தே செய்தி வரும். அந்தக் கணக்கு வேறு எவன் கையிலாவது இருக்கும். வாட்ஸ்அப்பின் 6 இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், செட்டிங்கில் இரட்டைச் சரிபார்ப்பையும் (two-step verification) போட்டு வையுங்கள். பணம் கேட்டால் போனில் கூப்பிட்டு, விடுதிக் காப்பாளருக்கு நாம் வைத்த பட்டப்பெயர் என்ன என்று கேளுங்கள். திருடனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வெளியே சொல்லக்கூடிய பெயரும் இல்லை.

இறப்புச் செய்தியைக் குடும்பத்தில் ஒருவரிடம் உறுதி செய்த பிறகே குரூப்பில் போடுங்கள். அன்றைக்கு வந்து குவியும் கைகூப்பிய படங்களைவிட, எல்லோரும் போய்விட்ட பிறகு, ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போகிற ஒரு போன்தான் வேண்டியிருக்கிறது. யார் பேசுவது என்று அன்றே முடிவு செய்து நோட்டில் தேதி குறிக்கிறேன்.

நேரில் கூடுவதற்குப் பகல் நேரம், தரைத்தளம், கைப்பிடி உள்ள நாற்காலி, கழிப்பறை அருகில். இசைக்கச்சேரி வேண்டவே வேண்டாம். காதுக்கருவி சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும், பக்கத்தில் பேசுகிறவர் அதில் காணாமல் போவார். பெயர் அட்டையில் அந்தக் கால முகமும் பெரிய எழுத்தில் கூப்பிட்ட பெயரும் இருந்தால், "நீங்க யாரு?" என்று தயங்க வேண்டாம், நேரே "டேய்!"தான். பதவியும் பட்டமும் அட்டையில் கூடாது. செலவைப் பெயர் எழுதாத உறையில் போடச் சொல்லுங்கள். முடிந்தவர் கூடப் போடுவார், முடியாதவர் தலை குனிய வேண்டியதில்லை. மேடையும் மைக்கும் இருந்தால் பாதி நேரம் வாழ்த்துரையில் போய்விடும், வைக்காதீர்கள். கிளம்பும் முன் அடுத்த சந்திப்புத் தேதியை அங்கேயே கை தூக்கி முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்க் குரூப்பில் வாக்கெடுப்பு வைத்தால் 40 பேருக்கு 40 தேதி வரும்.