பேஷண்ட்டை கட்டிப்போட வேண்டி வந்தா: மனநல வார்டுக்கு புதுசா வர்ற ஸ்டாஃபுக்கு

புதுசா டூட்டிக்கு வர்றவங்க முதல்ல கேக்குறது பெல்ட் எப்படி மாட்டுறதுன்னு தான், அதை அஞ்சு நிமிஷத்துல கத்துக்கலாம், மாட்டினதுக்கு அப்புறம் பாத்துக்கிறதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

பேஷண்ட்டுக்கோ பக்கத்துல இருக்கவங்களுக்கோ இப்பவே அடிபடப்போகுது, பேசிப் பாத்தாச்சு, வேற வழியே இல்லன்னா மட்டும் தான் கட்டணும். கத்துறாரு, மாத்திரை வேணாங்குறாரு, நைட்ல ஆள் கம்மி, இதெல்லாம் காரணமே இல்ல. கட்டாம வார்டு ஓடாதுன்னு சீனியர் யாராவது சொன்னா, 1839லயே லண்டன் பக்கம் ஹான்வெல் மனநல ஆஸ்பத்திரில ஜான் கொனொலிங்குற டாக்டர் கட்டிப்போடுறதையே மொத்தமா நிறுத்திட்டு நூத்துக்கணக்கான பேரை பாத்துக்கிட்டாருன்னு சொல்லுங்க (மனசுக்குள்ளயாவது).

பேஷண்ட் கிட்ட பேசுறது ஒருத்தர் மட்டும் தான். நாலு பேர் சுத்தி நின்னு ஆளாளுக்கு அதட்டினா அமைதியாகப் போறவரும் எகிறுவாரு.

பிடிச்சே ஆகணும்னா ட்ரெயினிங் எடுத்தவங்க மட்டும் பிடிங்க, கை காலுக்கு ஒவ்வொருத்தர், தலைமாட்டுல ஒருத்தர், அவருக்கு மூச்சையும் முகத்தையும் பாக்குறது தான் வேலை. குப்புறப் போட்டு அமுக்காதீங்க, கழுத்து நெஞ்சு வயிறு முதுகு எதுமேலயும் வெயிட் போடாதீங்க. மூச்சு முட்டுதுன்னு சொன்னா நடிப்புன்னு நினைக்காம உடனே விடுங்க, பேச முடியுதுல்ல அப்போ மூச்சு வருதுன்னு சொல்றது சுத்தப் பொய். திமிறிக்கிட்டு இருந்தவர் திடீர்னு அடங்கிட்டா அப்பாடான்னு உக்காராதீங்க, பல்ஸும் மூச்சும் பாருங்க.

பெல்ட்டை கட்டிலோட ஃப்ரேம்ல மாட்டணும், சைடு ரெயில்ல மாட்டினா அதை இறக்குறப்போ கை வெட்டி இழுக்கும். ரெண்டு விரல் நுழையுற அளவு லூஸ், மல்லாக்க படுக்க வெச்சு தலைப்பக்கம் கொஞ்சம் உயரமா. பூட்டு இருந்தா சாவி பக்கத்துல நிக்கிறவர் கிட்ட தான் இருக்கணும்.

அப்புறம் ஒருத்தர் கண்ணை எடுக்காம பக்கத்துலயே இருக்கணும். கால் மணி நேரத்துக்கு ஒருக்கா மூச்சு, பல்ஸ், விரல் நிறம், அமைதிப்படுத்துற ஊசி போட்டிருந்தா இன்னும் அடிக்கடி. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒவ்வொரு கை காலா அவுத்து அசைக்க விடணும், அசையாம கிடந்தா கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போய் ஆளே போயிடலாம். தண்ணி, பாத்ரூம் அவர் கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க.

டாக்டர் நேர்ல வந்து பாக்கணும், தேவைப்பட்டா கட்டிக்கோங்கன்னு முன்கூட்டியே எழுதி வாங்கி வெக்கிறது செல்லாது. அமெரிக்க ரூல்ல பெரியவங்களுக்கு கட்டச் சொல்லி எழுதுற ஒரு ஆர்டர் அதிகபட்சம் 4 மணி நேரம் தான், ஆனா அமைதியாயிட்டா அதுவரைக்கும் கூட வெக்கக்கூடாது. கட்டின நேரம், காரணம், அவுத்த நேரம் எல்லாம் கேஸ் ஷீட்ல அப்பப்போ எழுதிடுங்க, ஷிஃப்ட் முடியுறப்போ மொத்தமா எழுதுற பழக்கம் வேணாம். மறுநாள் அவர் கிட்டயே உக்காந்து எது உங்களை அவ்வளவு தூரம் கொண்டுபோச்சு, அடுத்த தடவை நாங்க என்ன பண்ணலாம்னு கேளுங்க, சொல்றதை அப்படியே ஷீட்ல ஏத்துங்க.