மாத்திரைக் கணக்கில் ஒரு புதையல் பெட்டி: சொல் பலகைப் புதிர் செய்வது எப்படி?

தமிழ்நாடு–கேரள எல்லையில், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வரை மலையேறி இறங்கும் எங்கள் பகுதியில் ஜியோகேஷிங் ஆடுபவர்கள் மிகக் குறைவு. ஆடத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் ஆங்கிலப் புதிர்களைத்தான் அவிழ்க்கிறார்கள். தமிழில் ஒரு புதிர் செய்து, ஒரு பெட்டியை ஒளித்து வைக்க முதல் தடவை முயல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து, அதன் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம், ஜிபிஎஸ் துல்லியத்துக்கு இருந்த கட்டுப்பாட்டை அமெரிக்கா எடுத்த மறுநாளே, ஓரிகன் மாநிலத்தில் முதல் பெட்டி வைக்கப்பட்டது. புதிர்ப் பெட்டி என்பது இதில் ஒரு வகை. இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் எண் உண்மையான இடம் அல்ல. புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான எண் கிடைக்கும்.

படி 1: எழுத்துக்கு மதிப்பு

ஸ்க்ராபிள் என்பது எழுத்துச் சில்லுகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம். அதில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து மதிப்பு கொடுத்தார். அடிக்கடி வருவதற்கு 1, அபூர்வமாக வருவதற்கு 10.

தமிழுக்கு அந்த வேலையே தேவையில்லை. நம் எழுத்துகளுக்கு அளவு ஏற்கெனவே இருக்கிறது: மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ஆறாம் வகுப்பில் படித்த இந்தக் கணக்கை விட்டுவிட்டு நாமாக ஒரு பட்டியல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரை வந்தால் கூட்டுவது தொல்லை என்பதால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்:

ஒற்று (ல், ம், ட் போன்றவை) = 1
குறில் (அ, ர, யி, நெ போன்றவை) = 2
நெடில் (ஆ, சா, லை, கோ போன்றவை) = 4

புனலூரில் இருக்கும் என் அத்தை பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படித்தது மலையாளம். அவர்களுக்கும் இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. மலையாளத்திலும் குறில், நெடில் உண்டல்லவா? எல்லையின் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அமைந்த கணக்கு இது.

படி 2: பலகை

ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய் முழுதும் ஒரே எழுத்துதான். ‘சா’வில் உள்ள காலைத் தனிச் சதுரத்தில் போடக் கூடாது. ஸ்க்ராபிள் பலகையில் பதினைந்துக்குப் பதினைந்து, 225 சதுரங்கள் இருக்கும். நமக்கு ஆறு வரிசையும் மூன்று நிரலும் போதும். வேண்டியவை ஆறு சொற்கள், ஒவ்வொன்றும் ஓர் இலக்கத்தைத் தரும்.

நான் போட்ட பலகை இது (■ என்றால் வெற்றுச் சதுரம்):

■ ■ நெ
சா ர ல்
■ யி ■
எ ல் லை
ரு ■ ■
மை ய ம்

குறுக்கே சாரல், எல்லை, மையம். கீழ்நோக்கி ரயில், நெல், எருமை. ஒரு சொல் இன்னொன்றின் எழுத்தைப் பகிர்ந்துகொள்கிறது பாருங்கள். சாரலின் ‘ர’விலிருந்து ரயில் இறங்குகிறது, அது நிற்கும் ‘ல்’தான் எல்லையின் நடு எழுத்து. முதலில் ‘இரயில்’ என்று எழுதிப் பார்த்தேன், ‘இ’ மேல் வரிசையில் ‘நெ’யோடு ஒட்டிவிட்டது. சதுர எண்ணிக்கையே எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்துவிடும் என்பது இந்த வகைப் புதிரில் ஒரு வசதி.

படி 3: குறிப்புகள்

தேடுபவருக்கு வெற்றுப் பலகையையும் இந்தக் குறிப்புகளையும் மட்டும் கொடுங்கள்.

1. (குறுக்கே) ஆனி, ஆடியில் மலை நம்மேல் தூவுவது.
2. (கீழே) 1904-இல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு வந்தது.
3. (கீழே) குத்தினால் அரிசி.
4. (குறுக்கே) 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊருக்குக் கிழக்கே இருந்தது, மேற்கே போனது.
5. (கீழே) சேற்றில் படுத்தால் எழுந்திருக்க மனம் வராதது.
6. (குறுக்கே) நட்டநடு.

நான்காவது குறிப்புதான் எனக்குப் பிடித்தது. அந்த நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊருக்குள் சங்கு முத்திரையோடு நிற்கும் பழைய வளைவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறிப்பு சட்டென்று விளங்கும். உங்கள் புதிரிலும் இப்படி ஒரு குறிப்பாவது உங்கள் ஊரைச் சேர்ந்ததாக இருக்கட்டும். குமுளிக்காரர் ஏலக்காயை வைக்கலாம், களியக்காவிளைக்காரர் ரப்பரை வைக்கலாம்.

படி 4: நட்சத்திரம்

இதுவரை வெறும் கூட்டல். ஸ்க்ராபிளில் முதல் சொல் நடுச் சதுரத்தின் மேல் விழ வேண்டும், அந்தச் சொல்லுக்கு மதிப்பு இரட்டிப்பு. நம் பலகையில் ‘ர’ இருக்கும் சதுரத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். முதல் சொல் சாரல், அதனால் அதற்கு இரட்டிப்பு.

இரண்டாவது சொல்லான ரயிலும் அதே ‘ர’ வழியாகத்தான் போகிறது. அதற்கும் இரட்டிப்பா? இல்லை. பலகை ஆட்டத்தில் ஒரு சலுகைச் சதுரம், அதன்மேல் முதன்முதலில் எழுத்து விழும்போது மட்டும்தான் வேலை செய்யும். இது தெரிந்தவர் தப்பிப்பார், தெரியாதவர் அங்கேயே தடுமாறுவார். புதிருக்குக் கொஞ்சம் காரம் வேண்டுமென்றால் இதுதான் இடம். ‘குறிப்பு எண் வரிசையில்தான் சொற்கள் வைக்கப்பட்டன’ என்று ஒரு வரி மட்டும் புதிர்ப் பக்கத்தில் எழுதிவிடுங்கள், அது நியாயம்.

படி 5: இலக்கமாக்குதல்

சாரல்: 4+2+1 = 7, இரட்டித்தால் 14
ரயில்: 2+2+1 = 5
நெல்: 2+1 = 3
எல்லை: 2+1+4 = 7
எருமை: 2+2+4 = 8
மையம்: 4+2+1 = 7

பத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ கடைசி இலக்கத்தை மட்டும் எடுங்கள், 14 என்றால் 4. ஆக 4, 5, 3, 7, 8, 7. முதல் மூன்றும் வடக்கு எண்ணில் புள்ளிக்குப் பின், அடுத்த மூன்றும் கிழக்கு எண்ணில் புள்ளிக்குப் பின். இடம்:

வடக்கு 08° 58.453, கிழக்கு 077° 15.787

இவை பாடத்துக்காக எடுத்த எண்கள். அங்கே பெட்டி எதுவும் இல்லை, தேடிப் போகாதீர்கள். நீங்கள் செய்யும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் பெட்டி வைக்கும் இடம், அப்புறம் அதன் இலக்கங்கள், அதற்கேற்ற சொற்கள். 0 வேண்டுமென்றால் ‘குற்றாலம்’ இருக்கிறது (2+1+4+2+1 = 10). 9 வேண்டுமென்றால் ‘தென்மலை’.

கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.85 மீட்டர் மாறும். ரயிலை இரட்டித்தவருக்கு 453 என்பது 403 ஆகிவிடும், அவர் தொண்ணூறு மீட்டருக்கு மேல் தெற்கே தள்ளி நிற்பார். அதனால் ‘ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகை 34’ என்று சரிபார்க்க ஒரு வரி கொடுப்பது நல்லது.

இன்னொன்று. ஜியோகேஷிங் எண்கள் டிகிரியும் நிமிடமுமாக இருக்கும். போன் வரைபடத்தில் பெரும்பாலும் வெறும் டிகிரி. 58.453-ஐ 60-ஆல் வகுத்தால் 0.97422, ஆக 8.97422. 15.787-ஐ வகுத்தால் 77.26312. வகுக்காமல் 8.58453 என்று அடித்தால் போன் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே மலைப்பக்கம் காட்டும்.

படி 6: வெள்ளோட்டம்

இதைத் தவிர்க்கவே கூடாது. இந்தப் பலகையை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் சொற்களைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவர் வரைபடத்தில் வைத்த புள்ளி நான் வைத்ததிலிருந்து நானூறு மீட்டர் மேற்கே இருந்தது. “தம்பி, லை, மை எல்லாத்துக்கும் ரெண்டு மாத்திரை போட்டிருக்கியே, சொல்லுக்குள்ள வந்தா ஐகாரம் குறுகும்லா?” என்றார். அவர் சொன்னது நன்னூல் இலக்கணப்படி சரி, குறுகிய ஐகாரத்துக்கு ஒரு மாத்திரைதான். எல்லை 5, எருமை 6, மையம் 5 என்று எண்ணியிருந்தார், 787 என்பது 565 ஆகியிருந்தது.

அன்றே விதியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘குறுக்கங்கள் பார்க்க வேண்டாம், எழுத்தை எழுதியபடியே எண்ணுக.’ மிளகு, சங்கு போலக் குற்றியலுகரத்தில் முடியும் சொற்களுக்கும் இதே சிக்கல் வரும். தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும், ஓரளவு தெரிந்த ஒருவரிடமும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே புள்ளியில் வந்து நின்றால் புதிர் தயார்.

படி 7: பெட்டியும் இடமும்

ஜியோகேஷிங் தளத்தின் விதிப்படி, இணையப் பக்கத்தில் போடும் எண்ணிலிருந்து உண்மையான இடம் 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வேறொருவர் பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

நம் பக்கத்துக்கென்று சில எச்சரிக்கைகள். சோதனைச் சாவடிப் பக்கம் வேண்டவே வேண்டாம், ஆளில்லாத டப்பா ஒன்று அங்கே கிடந்தால் காவலர்களுக்கு வீண் பதற்றம். தண்டவாளம், ரயில் பாலம், குகை எதன் அருகிலும் கூடாது. பதின்மூன்று கண் பாலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது படம் எடுக்கும் இடம், பெட்டி வைக்கும் இடம் அல்ல. தென்மலை, செந்துருணிப் பக்கம் வனத்துறையின் காடு, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

இறுக்கமாக மூடும் சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஜிப் பை, பைக்குள் குறிப்பேடு, ஒரு பென்சில். பேனா ஈரத்தில் எழுதாது. தின்பண்டம் எதையும் உள்ளே போடாதீர்கள், குரங்கு மோப்பம் பிடித்தால் டப்பாவே மிஞ்சாது. எங்கள் பக்கம் ஆனியில் தொடங்கும் சாரலும் நனைக்கும், ஐப்பசி மழையும் நனைக்கும். ஒவ்வொரு மழை முடிந்ததும் ஒரு நடை போய்த் திறந்து பாருங்கள். ஏடு நனைந்திருந்தால் புதியதை வைத்து, பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து நிழலில் உலர்த்தி வையுங்கள். அதில் வந்து போனவர்களின் பெயர்கள் இருக்கின்றன.