மாதத்திற்கொரு வெளியீட்டை நாளுக்கொன்றாக்குவது: சிறிய குழுவுக்கான செய்முறை

நாங்கள் ஐந்து பேர். கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை மாதத்திற்கு ஒருமுறை, கடைசி வெள்ளிக்கிழமை இரவில் வெளியிட்டுவந்தோம். மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக அடிக்கடி வெளியிடும் அஜைல் முறைக்கு மாறுவதென்று முடிவெடுத்தபோது கூட்டங்களிலிருந்தே தொடங்கினோம்: காலை 9.30க்கு ஸ்டாண்ட்-அப் என்ற குறுங்கூட்டம், இரண்டு வாரத்திற்கொரு ஸ்பிரின்ட் என்ற வேலைச் சுற்று, அதன் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ. ஆறு மாதம் கழிந்தும் அந்த வெள்ளிக்கிழமை இரவு மட்டும் மாறவில்லை; 11 மணிக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்வரில் கோப்புகளைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தோம். பிறகுதான் வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் வெளியீட்டைச் சிறிதாக்கினோம். அதற்குத் தேவைப்பட்ட கூட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த வரிசையையே இங்கே தருகிறேன். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு மாற்றத்தின் பயணத்தை எழுதிப் பாருங்கள்

அண்மையில் வெளியான சிறு மாற்றம் ஒன்றை எடுத்து, அது கேட்கப்பட்ட நாள் முதல் வாடிக்கையாளரிடம் சேர்ந்த நாள் வரை தேதிவாரியாக எழுதுங்கள். எங்களுடையது, ரசீதில் ஜிஎஸ்டி எண் அச்சாகும் இடத்தை மாற்றும் வேலை. அதை எழுத ஒரு நாள் ஆயிற்று. ரிவ்யூவுக்காக (மற்றொருவர் நிரலைச் சரிபார்ப்பதற்காக) 4 நாளும் வெளியீட்டுத் தேதிக்காக 16 நாளும் அது சும்மா கிடந்தது. வேகமாக நிரல் எழுதுவதால் எங்களுக்கு மிச்சமாகப்போவது ஒன்றுமில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகே புரிந்தது.

படி 2: பலகையும் வரம்பும்

'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'ரிவ்யூ', 'வாடிக்கையாளரிடம்' என நான்கு கட்டங்கள் போதும். கடைசிக் கட்டத்தின் பெயர் 'முடிந்தது' அல்ல என்பதைக் கவனியுங்கள். 'நடப்பவை' கட்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று அட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. டொயோட்டா தொழிற்சாலைகளிலிருந்து வந்த கான்பான் முறையின் உயிர் இந்த வரம்பில்தான் இருக்கிறது. வரம்பில்லாத பலகை வெறும் பட்டியல். ஸ்டாண்ட்-அப்பில் ஆளாளுக்கு ஒப்பிப்பதை விட்டுவிட்டு, பலகையை வலமிருந்து இடமாகப் படித்து, எந்த அட்டை எதனால் நகரவில்லை என்று மட்டும் கேளுங்கள். ஜிரா போன்ற பலகைச் செயலியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு மாதத்திற்குச் சுவரும் ஒட்டுத்தாளுமே சிறந்தவை என்பது என் கருத்து.

படி 3: தினமும் மெர்ஜ், ஒவ்வொரு முறையும் சோதனை

ஒரு பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) இரண்டு நாளுக்கு மேல் வாழக் கூடாது. மெர்ஜ் ஆகும் (பொது நிரலோடு இணையும்) ஒவ்வொரு மாற்றத்திற்கும் பைப்லைன், அதாவது நிரலைக் கட்டிச் சோதிக்கும் படிவரிசை, தானாக ஓட வேண்டும். இதற்கான கருவியை, உங்கள் நிரல் எங்கே இருக்கிறதோ அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்: கிட்ஹப்பில் இருந்தால் ஆக்ஷன்ஸ், கிட்லேபில் இருந்தால் அதன் சொந்த சிஐ (மாற்றங்களைத் தொடர்ந்து இணைத்துச் சோதிக்கும் வசதி). இதே வேலைக்கான ஜென்கின்ஸ் வலுவான கருவிதான். ஆனால் அதன் பிளகின்களைப் பராமரிப்பதே ஒருவருக்கு அரைநாள் வேலையாகிவிடும் என்பதால் சிறு குழுவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சோதனைகளே இல்லை என்றால் தயங்க வேண்டாம். நாங்கள் 'ஒரு பில் போட முடிகிறதா' என்ற ஒரே ஒரு சோதனையுடன்தான் தொடங்கினோம்.

படி 4: கைபடாத டிப்ளாய்

டிப்ளாய் என்பது நிரலைச் சர்வரில் ஏற்றுவது. பைப்லைன் ஒருமுறை கட்டிய இமேஜ்தான் (நிரலும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய தொகுப்பு) ஸ்டேஜிங்குக்கும் (ஒத்திகைச் சர்வர்) புரொடக்ஷனுக்கும் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வர்) போக வேண்டும்; இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டினால், சோதித்தது ஒன்று, வெளியிட்டது மற்றொன்று என்றாகிவிடும். கையால் ஏற்றுவதன் ஆபத்துக்கு நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமே சான்று. 2012 ஆகஸ்ட் 1 அன்று, எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புதிய நிரல் போய்ச் சேராததால், ஏறத்தாழ 45 நிமிடத்தில் அந்நிறுவனம் 44 கோடி டாலருக்கும் மேலாக இழந்தது. சிக்கலைத் தீர்க்க முயன்றவர்கள், சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கியபோது நிலைமை இன்னும் மோசமானது. பின்வாங்குவது எப்போதும் பாதுகாப்பானதல்ல என்பதை நாங்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

படி 5: டேட்டாபேஸ்

எங்களைக் கவிழ்த்தது இந்தப் படிதான். வாடிக்கையாளர் அட்டவணையில் 'போன்' என்ற புலத்தை 'மொபைல்' என்று பெயர் மாற்றும் மைக்ரேஷனும் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் நிரல்), அந்தப் புதிய பெயரைப் படிக்கும் நிரலும் ஒரே டிப்ளாயில் ஏறின. அதே வெளியீட்டில் தள்ளுபடிக் கணக்கில் வேறொரு பிழை தெரிந்ததும், ரோல்பேக் (முந்தைய நிரலுக்குத் திரும்பும் வசதி) இருக்கிறதே என்ற தைரியத்தில் அதை இயக்கினோம். நான்கு நிமிடத்தில் பழைய நிரல் திரும்பிவந்து, இல்லாத 'போன்' புலத்தைத் தேடத் தொடங்கியது. அதுவரை தள்ளுபடி மட்டுமே தவறாக இருந்த மென்பொருளில் இப்போது எந்தக் கடையிலும் பில் திரையே திறக்கவில்லை. நிரல் பின்னால் போயிற்று, டேட்டாபேஸ் போகவில்லை.

இதற்கான தீர்வை எக்ஸ்பாண்ட்-கான்ட்ராக்ட் (முதலில் விரித்து, பிறகு சுருக்குவது) என்பார்கள். ஒரே பெயர் மாற்றத்தைத் தனித்தனி டிப்ளாய்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்திலிருந்தும் ஒரு படி பின்வாங்க முடிவதாக வைத்துக்கொள்வதே இதன் அடிப்படை.

முதலில் 'மொபைல்' புலத்தைச் சேருங்கள். 'போன்' அப்படியே இருக்கட்டும். புதிய புலம் காலியாக இருக்க அனுமதியுங்கள், ஏனெனில் அதை அறியாத பழைய நிரல் புதிய வரிசையை (ஒரு வாடிக்கையாளரின் பதிவை) சேர்க்கும்போது 'நாட் நல்' (காலியாக இருக்கக் கூடாது) என்ற கட்டுப்பாடு இருந்தால் பிழை வரும். இரண்டாவதாக, இரண்டு புலங்களிலும் எழுதி, பழையதிலிருந்தே படிக்கும் நிரலை ஏற்றுங்கள். மூன்றாவதாக, பழைய தரவை ஆயிரம் ஆயிரம் வரிசைகளாகப் புதிய புலத்திற்கு நகலெடுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினால், நகலெடுத்து முடிந்ததற்கும் நிரல் ஏறியதற்கும் இடையில் வந்த வாடிக்கையாளர்கள் விடுபட்டுப்போவார்கள். நாங்கள் இரண்டாம் முறை விழுந்தது இங்கேதான். நான்காவதாக, இரண்டு புலங்களும் வேறுபடும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். இதற்குச் சாதாரண 'சமமல்ல' குறியைப் பயன்படுத்தினால் காலியான மதிப்புகள் கணக்கில் வராது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' என்று எழுத வேண்டும். எண்ணிக்கை பூஜ்யம் என்றால் படிப்பதைப் புதியதற்கு மாற்றலாம். அதன் பிறகு 'போன்' புலத்தில் 'நாட் நல்' இருந்தால் அதை நீக்கிவிட்டு, அதில் எழுதுவதை நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்துப் புலத்தையே நீக்குங்கள். அந்த நீக்கலுக்கான அட்டையை இந்த வேலை தொடங்கும் நாளிலேயே பலகையில் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் எங்கள் அட்டவணையைப் போல யாருக்கும் பயனில்லாத புலங்கள் சேர்ந்துவிடும்.

பிற்சேர்க்கை

இதைப் பின்பற்றிய இருவர், படி 5இன் முதல் கட்டத்திலேயே, அதாவது புலம் சேர்க்கும்போதே, தளம் உறைந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். புலம் சேர்ப்பது கணநேர வேலைதான். ஆனால் போஸ்ட்கிரெஸில் அதற்கு அட்டவணையின் முழுப் பூட்டு வேண்டும். அந்நேரம் நீண்ட அறிக்கை ஏதேனும் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால் மைக்ரேஷன் அதற்காகக் காத்திருக்கும், மைக்ரேஷனுக்குப் பின்னால் அந்த அட்டவணைக்கு வரும் மற்ற எல்லாக் கேள்விகளும் வரிசை கட்டி நிற்கும். மைக்ரேஷனின் தொடக்கத்தில் 'லாக் டைம்அவுட்' (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பு) மதிப்பை 3 நொடி என்று வைத்து, தோற்றால் சற்று நேரம் கழித்து மீண்டும் ஓட்டுங்கள்.

புதிய புலத்திற்கு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகராதி) தேவைப்பட்டால், எழுதுவதைத் தடுக்காமல் உருவாக்கும் 'கன்கரன்ட்லி' சேர்த்து உருவாக்குங்கள். அது டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காத மாற்றத் தொகுப்புக்குள்) ஓடாது. ஜாங்கோ போன்ற வலைநிரல் கட்டமைப்புகள் போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு மைக்ரேஷனையும் டிரான்சாக்ஷனுக்குள்ளேயே ஓட்டுவதால், அந்த ஒரு கோப்பில் மட்டும் 'அட்டாமிக்' மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்க வேண்டும். இன்டெக்ஸ் உருவாக்கம் பாதியில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று அட்டவணையிலேயே தங்கிவிடும். அதை நீக்கிய பிறகே மீண்டும் முயலுங்கள்.