ஓடிடி சந்தாவுக்குத் தானாகக் கழிந்த பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி எடுத்து, செல்லூர் பக்கம் தெருத்தெருவாக விற்கும் அக்கா ஒருவர் போன மாதம் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். "தம்பி, அக்கவுண்டுல 499 ரூவா கொறையுது. நா யாருக்கும் போடலையேப்பா" என்று போனை நீட்டினார். பூ வாங்குகிறவர்கள் க்யூஆர் அட்டையில் போடும் பத்தும் இருபதும் சேருகிற கணக்கு அது. மறுநாள் விடியற்காலை பூ எடுக்க வைத்திருந்த காசு.

பார்த்தால் ஒரு ஓடிடி ஆப். அவர் மகன் கிரிக்கெட் பார்க்க ஒரு ரூபாய் ட்ரையல் எடுத்திருக்கிறான். அம்மாவின் யூபிஐ பின் அவனுக்குத் தெரியும். பேலன்ஸ் பார்த்துச் சொல்வதே அவன்தானே. ட்ரையல் முடிந்ததும் மூன்று மாதச் சந்தா தானாகக் கழிந்துவிட்டது.

இப்படி வருகிறவர்களில் பாதிப்பேர் "போனது போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். மீதிப்பேர் கூகுளில் கிடைத்த ஏதோ ஒரு நம்பருக்குப் போன் போட்டு, இருப்பதையும் இழக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். பணத்தை யார் எடுத்தார்கள் என்று முதலில் கண்டுபிடித்து, சரியான இடத்தில், சீக்கிரமாக எழுதிக் கேட்டால் பல நேரம் பணம் திரும்பி வருகிறது. அக்காவுக்குச் செய்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: எடுத்தது யார்?

யூபிஐ ஆப்பைத் திறந்து, பணம் போன விவரங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். சந்தேகப்படும் தொகையைத் தொட்டால் அந்த ஒரு பரிவர்த்தனை மட்டும் தனியாக விரியும். பெயர், தேதி, நேரம், அப்புறம் யூடிஆர் என்று 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். யூடிஆர் எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள், இனி எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். கார்டில் போயிருந்தால் பேங்க் எஸ்எம்எஸ்ஸையும் ஸ்டேட்மெண்டையும் எடுத்து வையுங்கள்.

இனி பெயரைப் பாருங்கள். கூகுள் ப்ளே என்று இருந்தால் பணத்தை வாங்கியது கூகுள். முதலில் கூகுளிடம்தான் கேட்க வேண்டும், எடுத்த எடுப்பில் ஓடிடி கம்பெனியிடம் முட்டிப் பயனில்லை. ஆப்பிள் என்றாலும் அப்படித்தான். ஓடிடி கம்பெனியின் பெயரே இருந்தால் நேராக அவர்களிடம் கேட்க வேண்டும். சில சமயம் ரேசர்பே, பேயூ, பில்டெஸ்க் மாதிரி பெயர் இருக்கும். இவர்கள் நடுவில் பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்கள் மட்டுமே. அப்போதும் ஓடிடி கம்பெனியிடம்தான் போக வேண்டும்.

ஆப்பில் சந்தா ஓடுகிறது, ஆனால் பணம் போன தடமே இல்லையா? அது போன் ரீசார்ஜ் பேக்கோடு சேர்ந்து வந்ததாக இருக்கலாம். அதற்கு உங்கள் சிம் கம்பெனியைக் கேட்க வேண்டும். 198 என்ற எண் புகாருக்கென்றே உள்ளது.

அக்காவின் போனில் கம்பெனி பெயரே இருந்தது. பக்கத்திலேயே ஆட்டோபே, அதாவது தவணை தானாகக் கழியக் கொடுத்த அனுமதி, என்றும் போட்டிருந்தது.

இரண்டாவது: ஓட்டையை அடைப்பது

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்து என்ன பயன்? பணத்தைக் கேட்பதற்கு முன்னால் அடுத்த தவணை போகாமல் நிறுத்த வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆப்பை அழிப்பது, சந்தாவை ரத்து செய்வது, ஆட்டோபே அனுமதியை ரத்து செய்வது, பணத்தைத் திரும்பக் கேட்பது. இந்த நான்கும் நான்கு தனித்தனி வேலைகள். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடாது. அக்காவின் மகன் பயந்துபோய் ஆப்பை அழித்திருந்தான். போனில் ஆப் இல்லையென்றாலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆப்பை மறுபடி இறக்கி, அதே நம்பரில் உள்ளே போய், கணக்கு அமைப்புகளில் சந்தாவை ரத்து செய்தோம். ரத்தானதும் வந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். கூகுள் ப்ளே வழியாகப் போன சந்தா என்றால் ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற இடத்தில் ரத்து செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸின் மேலே உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும்.

அப்புறம் யூபிஐ ஆப். ப்ரொஃபைல் பக்கத்தில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். நீங்கள் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அது. அக்காவின் பட்டியலில் இந்த ஓடிடி போக இன்னும் இரண்டு இருந்தன, ஒன்று ஏதோ பாட்டு ஆப். மூன்றையும் ரத்து செய்தோம். ஒவ்வொன்றுக்கும் பின் கேட்டது. அதை அக்காவையே போடச் சொன்னேன், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாருக்கு உதவி செய்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

ஒரு முறை பின் போட்டதற்கு, ஒவ்வொரு தவணையும் கேட்காமலே போவது ஏன் என்று அக்கா கேட்டார். ரிசர்வ் வங்கி விதிப்படி, முதல் தடவை அனுமதி கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரையான சந்தாத் தவணைக்கு மறுபடி பின்னோ ஓடிபியோ கேட்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்திவிடலாம்.

தகவல் அக்காவுக்கும் வந்திருந்தது. எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்தால் படிக்காதவை ஆயிரத்துக்கு மேல். லோன் வேண்டுமா, நகைக்கடை ஆஃபர், ரீசார்ஜ் முடிகிறது என்ற குவியலுக்கு நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. நாளை மறுநாள் 499 ரூபாய் கழியும் என்று அதில் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பூ எடுக்கப் போகிறவர் அதை எப்படிப் பார்ப்பார்? பார்த்தாலும் எப்படிப் படிப்பார்? தமிழில் வந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பார். எனக்கு அதில் இன்னும் ஆற்றாமை இருக்கிறது.

மூன்றாவது: எழுதிக் கேட்பது

கூகுள் ப்ளேயில் போன பணம் என்றால் நேரம்தான் முக்கியம். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுளே திருப்பித்தர வாய்ப்பு அதிகம். ப்ரௌசரில் கூகுள் ப்ளே தளத்துக்குப் போய், நீங்கள் வாங்கியவற்றின் பட்டியலில் அந்தச் சந்தாவுக்குப் பக்கத்தில் உள்ள ரிப்போர்ட் எ ப்ராப்ளம் என்பதை அழுத்திக் காரணத்தை எழுதுங்கள். நேரம் தாண்டிவிட்டால் ஆப் கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஆப்பிளுக்கு ரிப்போர்ட் எ ப்ராப்ளம் டாட் ஆப்பிள் டாட் காம் என்ற தளம் இருக்கிறது. அதில் ரீஃபண்ட் கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கம்பெனி நேரடியாக எடுத்திருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். பல ஓடிடிகளின் விதிமுறையில் 'கட்டிய பணம் திரும்பாது' என்றே எழுதியிருக்கும். நெட்ஃபிளிக்ஸ் பாதி மாதத்தில் ரத்து செய்தாலும் மீதிக்குப் பணம் தராது. கட்டிய காலம் முடியும்வரை பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனாலும் கேட்க வேண்டும். ஒரே மாதத்துக்கு இரண்டு முறை கழிந்தது, ரத்து செய்த பிறகும் கழிந்தது, பணம் போயும் படம் ஓடவில்லை, ட்ரையலுக்குப் பிறகு எவ்வளவு போகும் என்பது தெளிவாகத் தெரியவில்லை, கழிந்த பிறகு ஒன்றுமே பார்க்கவில்லை. இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. மாதம் முழுக்க மேட்ச் பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று எழுதாதீர்கள். எப்போது, எதைப் பார்த்தீர்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கும். கேட்டு எழுதியபின் அந்த ஆப்பில் எதையும் ஓட விடவும் வேண்டாம்.

போனில் கேட்பதைவிட எழுதிக் கேட்பது நல்லது. ஆப்பின் உள்ளே உதவிப் பக்கத்தில் சாட் அல்லது மின்னஞ்சல் முகவரி இருக்கும். அக்காவுக்காக இப்படி எழுதினோம்:

"வணக்கம். இந்த மாதம் (தேதி) அன்று என் யூபிஐ கணக்கிலிருந்து 499 ரூபாய் உங்கள் சந்தாவுக்காகக் கழிந்துள்ளது. யூடிஆர் எண் (12 இலக்கம்). ஆப்பில் பதிவான மொபைல் எண் (எண்). என் மகன் ஒரு ரூபாய் ட்ரையல் எடுத்தான். அதன்பின் மூன்று மாதச் சந்தா தானாகத் தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. பணம் கழிந்தபின் ஆப்பில் எதையும் பார்க்கவில்லை. சந்தாவையும் ஆட்டோபேயையும் ரத்து செய்துவிட்டோம். 499 ரூபாயை அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்."

இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து அனுப்பினோம். கோபமாக எழுத ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அதைப் படிக்கப்போகிறவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பிள்ளை. நடந்ததைச் சுருக்கமாக, எண்களோடு எழுதினால் அவருக்கும் மேலே அனுப்ப வசதி. ஆங்கிலத்தில் எழுத முடிந்தால் வேலை சீக்கிரம் நடக்கிறது. பக்கத்துவீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் பத்து நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார்கள்.

முதல் பதில் 'முடியாது' என்று வந்தால் அதோடு விடாதீர்கள். ஆன்லைனில் விற்கும் கம்பெனிகளுக்குக் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் முகவரி கம்பெனியின் தளத்தில், பெரும்பாலும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதே கடிதத்தை அவருக்கும் அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி நம்பர்கள் அங்கே நிறைய இருக்கின்றன. ஆப்பின் உள்ளே இருக்கும் நம்பரை மட்டும் நம்புங்கள். ரீஃபண்ட் வருவதற்கு நீங்கள் பின் போட வேண்டியதில்லை, க்யூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ஓடிபி சொல்ல வேண்டியதில்லை. உங்கள் போன் திரையை அவர்கள் பார்ப்பதற்கு ஒரு ஆப் இறக்கச் சொன்னால் உடனே வையுங்கள் போனை. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

அப்படியும் வரவில்லையா?

1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். ட்ரையல் என்று உள்ளே இழுத்து, வெளியே வரும் வழியை மறைப்பதைச் 'சந்தாப் பொறி' என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது அதுதான் என்றால் புகாரில் அந்தப் பெயரையே சொல்லுங்கள்.

பேங்குக்குப் போவது எப்போது? இரண்டு முறை கழிந்திருந்தால், அல்லது வீட்டில் யாருமே அனுமதி கொடுக்காமல் போயிருந்தால். யாரோ வெளியாள் எடுத்தது என்று தெரிந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் பேங்கில் எழுதிக் கொடுங்கள். உங்கள் கவனக்குறைவு இல்லாத பட்சத்தில் அதற்குள் சொன்னால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி. மகன் பின் போட்டு எடுத்த சந்தாவை மோசடி என்று பேங்கில் எழுதிக் கொடுக்கக் கூடாது. அது நிற்காது, நியாயமும் இல்லை. பேங்க் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் போடலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம். 499 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக நேர்வது அரிது.

அக்காவுக்கு முதல் பதில் நான்காம் நாள் வந்தது, 'பரிசீலிக்கிறோம்' என்று. ஆறாம் நாள் நான் மறுபடி அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே, புகார் எண்ணைப் போட்டு நினைவூட்டினேன். ஒன்பதாம் நாள் காலையில் பணம் வந்தது. எஸ்எம்எஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள், பேலன்ஸைப் பாருங்கள். அக்காவுக்குப் பணம் வந்த எஸ்எம்எஸ் வழக்கம்போல அந்தக் குவியலுக்குள் போய்விட்டது. மகன்தான் பார்த்துச் சொன்னான். இப்போது அக்காவுக்குப் பின் நம்பர் புதிது, அது அவருக்கு மட்டும் தெரியும்.